எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு பிழை

பிழை திருத்துவது என் வேலை.
கிளக்ஸ்விக் துறைமுகத்தில், மீன் ஆலைக்கு மேலே ஒரு மாடியறை.
ஜன்னலைச் சாத்தினாலும் உப்பு உள்ளே வந்து
காகிதத்தின் ஓரங்களைப் பிசுபிசுக்க வைக்கும்.
விட்டுப்போன காற்புள்ளி,
பத்தாம் பக்கத்தில் நீலமாகவும்
இருநூறில் பழுப்பாகவும் இருக்கும் கண்கள்,
வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் வரும் திங்கள்.
எனக்குச் சோறு போடுபவை இவை.

மர்யுனின் நாவல் முதலில் வந்தபோது
அதில் ஹானுஸ் இருந்தான்.
தீவுகளுக்கிடையே ஓடும் படகின் இயந்திர அறையில்
எய்யுனுக்குப் பக்கத்தில் பதினாறு வருடம் நின்றவன்.
அதிகம் பேசமாட்டான்.
பேசினாலும் ஆட்டின் எடை, டீசல் விலை.

முப்பத்தொன்பதாம் பக்கத்தில் எய்யுனின் மனைவி இறந்தாள்.
ஊரே வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனது.
ஹானுஸ் ஒன்றும் சொல்லவில்லை.
நேரே அடுக்களைக்குப் போனான்.
ஒரு வாளி உருளைக்கிழங்கை இழுத்து வைத்துக்கொண்டு
தோல் சீவ ஆரம்பித்தான்.
இரண்டு பேருக்கு ஒரு வாளி எதற்கு என்று
எய்யுன் கேட்கவில்லை.
விடியும்வரை கத்தி நகரும் சத்தம்.
அந்த வாரத்தில் எய்யுன் தூங்கியது
அந்த ஒரு சத்தத்தில்தான்.

‘கதைக்கு இந்த ஆள் எதற்கு?’
டோர்ஸ்ஹவ்னிலிருந்து பதிப்பாளர் எழுதிக் கேட்டார்.
நியாயமான கேள்வி.
ஹானுஸ் கதையை ஓர் அங்குலம்கூட நகர்த்தியவனில்லை.
நகராமல் இருந்தான், அவ்வளவுதான்.

இரண்டாம் பிரதியில் அவனைக் காணோம்.
சாகவில்லை, ஊரைவிட்டுப் போகவில்லை,
பிறக்கவே இல்லை.
அவன் பேசியதில் தேறியதை
எய்யுனுக்கே கொடுத்திருந்தாள் மர்யுன்.
‘மழை விட்டதும் கிளம்பலாம்’ என்று
எய்யுன் இப்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான்.
மழை விடுகிறது.
அவன் கிளம்பவில்லை.

அறுபத்தொன்றாம் பக்கத்தில்
இயந்திரத்தின் அடியில் படுத்துக்கொண்டு
திருகுசாவிக்காகப் பின்னால் கை நீட்டினான்.
யாரிடம்?
அதை அடித்தேன். ‘எழுந்து போய் எடுத்தான்’ என்று மாற்றினேன்.
மர்யுன் நன்றி சொன்னாள்.
அன்று மாலை மீன்சூப் இறங்கவில்லை எனக்கு.

பிறகு எண்பத்தெட்டு.
மலை தெரியாத மூடுபனி.
எய்யுன் வீடு திரும்புகிறான். காலணியை உதறுகிறான்.
காப்பி போட்டு
இரண்டு கோப்பைகளில் ஊற்றுகிறான்.
எதிர் நாற்காலிக்கு இடப்புறம் கைப்பிடி வரும்படி
ஒன்றைத் திருப்பி வைக்கிறான்.

ஹானுஸ் இடதுகைக்காரன்.
பழைய பிரதியின் பதினோராம் பக்கத்தில்
ஒரே ஒரு வரியில் இருந்த சேதி அது.
அந்தப் பக்கம் இப்போது இல்லை.
மர்யுனுக்கே மறந்துபோயிருந்தது.
இவனுக்கு எப்படி நினைவிருந்தது?

ஓரத்தில் பென்சிலால் கேட்டேன்:
இரண்டாவது கோப்பை யாருக்கு?
பதில் வந்தது:
‘ஐயோ, கண்ணில் படவேயில்லை. எடுத்துவிடுங்கள்.’

இரண்டு நாள் அந்தத் தாளைத் தனியே வைத்திருந்தேன்.
எனக்கும் ஒரு மோசமான குளிர்காலம் உண்டு.
ஒருத்தி தினமும் வந்து
என் வாசலில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு
கதவைத் தட்டாமல் போய்விடுவாள்.
என் கதையை எப்போது சொன்னாலும்
மருத்துவர் வருவார், அண்ணன் வருவான்,
அவள் வரமாட்டாள்.
சொன்னால் நீளும் என்று நானேதான் விட்டுவிடுவேன்.

இருபத்திரண்டு வருட வேலையில்
தெரிந்தே விட்ட பிழை அது ஒன்று.
புத்தகம் வந்தது. நன்றாக விற்றது.
யாரும் கேட்கவில்லை.

நேற்று அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
குடித்து முடித்து எய்யுன் எழுந்துகொள்கிறான்.
தொட்டியில் ஒரு கோப்பையைத்தான் கழுவுகிறான்.
மற்றது ஆறிப்போனது என்று எங்கும் எழுதியில்லை.
காலியாக இருந்தது என்றும்
எழுதியில்லை.