நடக்காத செவ்வாய்க்கிழமை

மூன்றாம் விசிறியின் வடக்குப் பக்க பேரிங்
இன்னும் பதினொரு நாள் தாங்கும்
என்று எழுதி அனுப்பினேன்.
பதினொன்று என்பது பொய்.
ஒன்பதுக்கும் இருபதுக்கும் நடுவே எங்கோ ஒரு நாள்,
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
ஆனால் டார்லீனின் அட்டவணையில்
'எங்கோ' என்றொரு கட்டம் இல்லை.

சட்பரி. பெப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே நிக்கல் உருகுகிறது,
வெளியே என் இமைமயிர் உறைகிறது.
உலைப்புகையை இழுக்கும் அந்த விசிறி
நிமிடத்துக்கு ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு தரம் சுற்றும்.
காது கொடுத்தால் ஒரே ம்ம்ம்.
ரெஜான் கையுறையைக் கழற்றி
அதன் முதுகில் உள்ளங்கை வைத்தான்.
இருபத்தாறு வருடமாய்த் தொட்டுப் பழகிய கை.
"சூடில்லை, நடுக்கமில்லை. இதுக்கென்ன குறை, மே?"
மயூரதியில் அவன் நாவுக்கு அகப்பட்டது
அந்த ஓரெழுத்தும் திரிந்துதான்.

என் திரையில் மட்டும்
நூற்று முப்பத்தைந்து ஹெர்ட்ஸில் ஓர் ஊசி.
நவம்பரில் அது புல் நுனி.
தைப்பொங்கலன்று கொஞ்சம் எட்டிப் பார்த்தது.
இப்போது இரு மடங்கில் ஒன்று, மும்மடங்கில் ஒன்று என்று
தம்பி தங்கைகளையும் கூட்டி வந்து நிற்கிறது.
வெளி வளையத்தில் ஒரு சின்னப் பள்ளம்.
கடந்து போகும் ஒவ்வோர் உருளையும்
அதில் தடுக்கி எழும்புகிறது,
நொடிக்கு நூற்று முப்பத்தைந்து தடுக்கல்.

"நன்றாய் ஓடுகிற விசிறியை ஏன் நிறுத்த வேண்டும்?"
கூட்டத்தில் கேட்டார்கள்.
நியாயம்தான்.
போன ஆகஸ்டில் ஒரு பம்பை இப்படித்தான் நிறுத்த வைத்தேன்.
திறந்தால், உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது.
தளர்ந்திருந்தது என் சென்சரின் காந்தம்.
இன்றைக்கும் அந்தப் பம்புக்கு என் பெயர்:
"மே எப்படி இருக்கிறாள், கசிகிறாளா?"

இன்னொன்றும் உண்டு.
கன்வேயர் கியர்பாக்ஸ். எல்லா அளவும் பச்சை.
ஞாயிறு விடிய மூன்று மணிக்குப் பல் உடைந்து
தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.
அதை வைத்து யாரும் பகிடி விடுவதில்லை.

வியாழன் இரவு நான்கு மணி நேரம் தந்தார்கள்.
பழைய பேரிங்கை ரெஜான் வெட்டிப் பிளந்தான்.
வெளி வளையம், அடிப்பக்கம்,
சுண்டுவிரல் நகத்தளவு தோல் உரிந்திருந்தது.
அவ்வளவே.
டார்லீன் அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.
"இதுக்காகவா?"

அதற்குப் பின் வந்த செவ்வாய்க்கிழமை
ஒன்றுமே நடக்கவில்லை.
தண்டு முறியவில்லை.
கந்தகப் புகை மண்டபத்துக்குள் திரும்பவில்லை.
இரவுப்பணிக்காரன் க்வாமே
முகமூடியைத் தேடி ஓடவில்லை;
மைக்ரோவேவில் மீன் சூடாக்கியதற்கு
எல்லோரிடமும் ஏச்சு வாங்கினான்.
நடந்தவற்றுக்குப் படிவம் இருக்கிறது,
நேரம், இடம், காரணம், கையொப்பம்.
க்வாமே ஆறுதலாய் முள் எடுத்துச் சாப்பிட்டதை
நான் எதில் நிரப்புவது?

அன்றைக்கு வேலை முடிந்து வந்தால்
என் கார் கிளம்பவில்லை.
சாவியைத் திருப்ப, டிக்.
மறுபடி, டிக்.
இரண்டு கிழமையாய்க் காலையில் இழுத்து இழுத்துத்தான் எழும்பியது.
கேட்டேன். கேட்டும் ஓட்டினேன்.
ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி
கழுநீர்ப் பானைக்குள்.

ரெஜான் தன் டிரக்கை முகத்துக்கு முகம் நிறுத்தி
கேபிளைக் கொளுவினான்.
மீசையெல்லாம் வெண்பனி.
"இதுக்கு எத்தனை நாள் குடுத்திருந்தாய்?"

எஞ்சின் பற்றிக்கொண்டது.
இருட்டில், கறுத்த பாறைகளுக்கு அப்பால்
கசடு கொட்டும் சிவப்பு ஒருமுறை எழுந்து அணைந்தது.
பின்னால் விசிறிகள் நான்கும் ம்ம்ம் என்றன.

நான்காவதில் ஒரு புல் நுனி இருக்கிறது.
இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.