மூன்றாம் கிழமை, செவ்வாய்

நாற்பது நாள் சீனியில்லாத பிளேன்டீ குடித்தேன்.
அதற்கு ஒரு கணக்கு இருந்தது.
சாம்பல் புதனில் தொடங்கிக் கலண்டரில்
ஒவ்வொரு நாளாய் வெட்டிக்கொண்டு வந்தேன்.
பிறகு வரும் ஐம்பது நாளுக்கு
எங்கள் வீட்டில் யாரும் கணக்கு வைத்ததில்லை.
ஞாயிறு பிரியாணி சட்டியைக் கழுவிக் கவிழ்த்ததும்
ஆண்டவரைத் திரும்பவும் உள்ளே வைத்துக் கல்லை உருட்டிவிட்டுத்
திங்கட்கிழமை பஸ் பிடிக்கிறோம்.

இந்த முறை பாஸ்கா இரவு
வாசலில் நின்ற நேவிப் பையன்
பையைத் துழாவி, மெழுகுதிரியை எடுத்துத் திருப்பிப் பார்த்து
பவுத்திரமாக வைத்தான். "ஹெப்பி ஈஸ்டர் அம்மா."
சுவாமி பிரசங்கத்தில் சொன்னார்:
அழ நாற்பது, மகிழ ஐம்பது,
பத்து நாள் கூடவே தந்திருக்கிறது திருச்சபை.
வட்டி தள்ளுபடி போலக் கேட்டது எனக்கு.
அதுவும் வலக் காதில்தான்.
இடக் காது அந்த ஞாயிறோடு மூடிக்கொண்டது.
தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.
தூண் எனக்கு ஒன்றை மிச்சம் வைத்தது.
அதற்கு மேல் அதை எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரி லோன்டரி நிலத்துக்குக் கீழே.
ஜன்னல் இல்லை.
கல்லறை மாதிரி என்று எழுத ஆசைதான்,
கல்லறையில் இத்தனை வேர்வை இருக்காது.
படுக்கை விரிப்பை ஒருத்தியாய் மடிக்க முடியாது.
அந்த முனையில் ரிஸ்மியா, இந்த முனையில் நான்.
இழுத்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து
முனையை முனையிடம் கொடுக்கிறோம்.
ஒரு நாளில் நூறு தடவை
அவள் விரல் என் விரலில் படும்.
ஏதும் சொல்ல வேண்டுமென்றால்
சுற்றி வந்து என் வலப்பக்கம் நின்றுதான் கதைப்பாள்.
அவள் கேட்டதில்லை.
நான் சொன்னதுமில்லை.

நற்செய்தியில் ஓர் இடம்.
பேதுரு உள்ளே போகிறார். துணிகள் கிடக்கின்றன.
தலையில் சுற்றியிருந்த துண்டு மட்டும்
தனியாக, சுருட்டி, ஓரிடத்தில்.
சின்ன வயதிலிருந்து கேட்ட வாசகம்,
லோன்டரிக்கு வந்த பிறகுதான் உறைத்தது:
சாவை அடித்துப் போட்டுவிட்டு
வெளியே ஓட எவ்வளவு அவசரம் இருந்திருக்கும்!
அந்த நேரத்தில் நின்று
ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறார் மனுஷன்.
பின்னால் கூட்டித் துடைக்க வரப்போகிற
யாரோ ஒருத்தியை நினைத்திருப்பார்.

அதனால் தீர்மானித்தேன்.
தவக்காலத்தில் ஒன்றை விடுவதென்றால்
இந்தக் காலத்தில் ஒன்றைப் பிடிப்பது.
முதல் கிழமை பிளேன்டீக்கு இரண்டு கரண்டி சீனி.
இரண்டாம் கிழமை குளிக்கும்போது அல்லேலூயா.
சுருதி பிசகுவது எனக்குக் கேட்பதில்லை,
அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கிறது.
"அம்மா, சோதனைக்குப் படிக்கிறேன்" என்று
ஜெரோன் கதவில் தட்டினான்.
மூன்றாம் கிழமை கரண்ட் பில் வந்தது.
மட்டக்குளி முழுக்கத் தண்ணீர் வெட்டு.
மகிழ்வதற்கு எதுவும் தோன்றாமல்
செவ்வாய் விடிய வேலைக்கு வந்தேன்.

பத்து மணிக்கு மெஷின் சத்தம்.
குனிந்து பொத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.
"வாங்க இமெல்டா அக்கா, சாப்பிடுங்க."
முதல் தடவையாய் மறந்து
இடப்பக்கமிருந்து கூப்பிட்டிருக்கிறாள்.
நான் திரும்பினேன்.

அற்புதம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.
பொரித்த மீன் மணந்தது, அவ்வளவுதான்.
மூக்குக்கு இடம் வலம் இல்லை.
அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே அவள் டப்பாவைத் திறந்தாள்:
ரோஸ் பாண், சாளை மீன், கொஞ்சம் கட்டைச் சம்பல்.
போன ஞாயிறு வாசகத்தில்தான்
கரையில் கரி நெருப்பு, அதன்மேல் மீன்,
"வாருங்கள், உண்ணுங்கள்" என்று ஒரு குரல்.
யார் நீர் என்று கேட்க
அங்கேயும் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

சாப்பிட்டோம்.
அவள் ஏதோ சொன்னாள், நான் சிரித்தேன்,
பாதிதான் கேட்டது.
பதினேழாம் நாள் என்று மனதுக்குள் குறித்தேன்.

மேலேயிருந்து வண்டி இறங்கியது,
நாலாம் மாடி விரிப்புகள்.
கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தோம்.
அவள் அந்த முனை.