கீழ் றப்பர்

ஐப்பசி பிறக்க ஒரு கிழமை இருக்கு.
மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கராச்சுக்குள் போய்
கதவை இறக்கிவிட்டு
இருட்டில் நின்றேன்.

வெளிச்சம் எதால கசியுதோ
அதால மழையும் வரும்.
இதை எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரவில்லை,
போன மாரியில் ஆறு மூட்டை கட்டாக் கருவாடு சொல்லிற்று.

இடது மூலையில் ஒரு விரல் அகலம்.
நடுவில் கத்தி அலகுபோல் நீளமாய் ஒரு கோடு.
வலது பக்கம், பூனை படுத்துப் புகுகிற அளவு.
பூனையையும் தெரியும்:
ஒற்றைக் காது, றெஜினா வீட்டுப் பூனை,
இரண்டு வருடமாக என் கணக்கில் சாப்பிடுகிறது.

பிறகு கரண்ட் பில்லை எடுத்து
றப்பருக்கும் சீமெந்துக்கும் இடையில் வைத்து
அடி அடியாக இழுத்துப் பார்த்தேன்.
இறுக்கிப் பிடித்தால் நல்லது.
பன்னிரண்டு அடியில் மூன்று இடத்தில் பிடித்தது.
மற்ற இடமெல்லாம் பில் சும்மா வழுகி வந்தது,
கட்டவேண்டிய தொகை மட்டும் குறையாமல்.

கதவு நோர்வேயிலிருந்து வந்தது.
தம்பி பெனடிக்ற் அங்கே வடக்குக் கரையில்
மீன் ஆலையில் வேலை.
கப்பலில் போட்டுவிட்டுப் போனில் பெருமைப்பட்டான்:
"மைனஸ் முப்பதிலும் அசையாத றப்பர், அக்கா."
உண்மை. குளிருக்கு அது அசையாது.
பாசையூர் வெயிலைத்தான் ஒருத்தரும்
அதற்கு அறிமுகப்படுத்தவில்லை.
ஐந்தாம் வருடம் விரலால் மடிக்க
நமுக்காத பிஸ்கற்போல முறிந்தது.
முறிந்த மடிப்புக்குள் உப்பு.

ஸ்ரான்லி வீதியில் நாலு கடை ஏறினேன்.
"யன்னலுக்கோ? பிறிட்ஜுக்கோ?"
கராச் கதவுக்குக் கீழே றப்பர் இருக்கும் என்பதையே
ஒருவர் நம்பவில்லை.
கடைசியில், பஸ் பொடி கட்டுகிற பட்டறை.
சுருளாய்க் கிடந்ததை இழுத்து அளந்த பொடியன்
மூக்கைச் சுளித்து, "கருவாடு மணக்குது" என்றான்.
"றப்பர் மணக்குது" என்றேன்.
அடிக்கு இருபது ரூபா குறைத்தான்.

பழையதைக் குறட்டால் பிடுங்க ஒரு மணித்தியாலம்.
அலுமினியத் தவாளிப்பைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து
சவர்க்காரத் தண்ணி பூசி
புதியதை ஒரு முனையிலிருந்து
பாம்பைப் புற்றுக்குள் அனுப்புகிறமாதிரித் தள்ளினேன்.
இறக்கிப் பார்த்தால்
நடுக் கோடு இன்னும் அப்படியே!

நீர்மட்டத்தைக் கதவில் வைத்தேன். குமிழி நடுவில்.
நிலத்தில் வைத்தேன். குமிழி ஓடிவிட்டது.
ஐந்து வருடமாகக் கதவைத் திட்டியிருக்கிறேன்.
கதவு நேர். நிலந்தான் கோணல்.
"கண்மட்டம் போதும்" என்று சீமெந்து போட்ட மேசன்
இப்போது கிளிநொச்சியில் இரண்டு மாடி கட்டுகிறாராம்.
பள்ளத்துக்கு நேரே இரட்டைப் பட்டி ஒட்டினேன்.
பில்லை வைத்து இழுத்தேன்.
கிழிந்தது.
கரண்ட் பில் கிழிய நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

மழை மூன்று நாள் விடவில்லை.
ஒழுங்கை முழுக்க முழங்கால் வெள்ளம்,
உள்ளே தரையில் தூசி பறந்தது.
பூனை படியில் குந்தி
சாப்பாட்டு நேரத்தில் பூட்டின கந்தோரைப் பார்க்கிறமாதிரி
கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் கதவைத் தூக்க
முகத்தில் அடித்தது ஒரு வெக்கை.
மூட்டைகளின் அடி ஈரம்.
ஒரு சொட்டு மழை படவில்லை, என்றாலும் ஈரம்.
உப்பு கசிந்து, சாக்கு வியர்த்து,
கட்டாக்கள் எல்லாம் தங்கள் மூச்சைத் தாங்களே குடித்து
இளகத் தொடங்கியிருந்தன.

ஏணி வைத்து ஏறினேன்.
மேல் றப்பரில், இரண்டு முனையிலும் ஒரு சாண்
கத்தியால் அறுத்தெடுத்தேன்.
நல்ல றப்பர். மனம் கேட்கவில்லை.
ஓட்டைக்குப் பழைய நண்டு வலையில் ஒரு துண்டு.
சுவரில் கலண்டர் தாள் மெல்ல ஆடிற்று.

இரவு பெனடிக்ற் எடுத்தான்.
அங்கே பனியாம், கதவு திறக்கவே இல்லையாம்.
"காற்றுப் புகாதுதானே, அக்கா?"
"கீழாலை ஒரு பொட்டும் புகாது."
மேலாலையைப் பற்றி அவன் கேட்கவில்லை.

றெஜினா வீட்டுப் பூனை மட்டும்
இரண்டு நாளாக
அண்ணாந்து பார்க்கிறது.