ப-வும் ம-வும்

மஞ்சக்குப்பத்தில், நீலச் சுண்ணாம்பு அடித்த அறையில்
ஒரே ஒரு மெழுகுவர்த்தி,
ஏழு வாய்க்கும் சேர்த்து.

'ப' சொன்னால் சுடர் சாயவேண்டும்.
'ம' சொன்னால் சாயக்கூடாது.
கண்ணாடியில் பார்த்தால் இரண்டும் ஒரே உதடு.
மெர்சலின் டீச்சர் என் விரலை எடுத்துத்
தன் மூக்குத்தண்டில் வைப்பார்.
உள்ளே வண்டு இருந்தால் ம.

'க'வுக்குக் கரண்டிக் காம்பு.
நுனிநாக்கை அமுக்கினால் அடிநாக்கு எழும்புமாம்.
குமட்டும்.
அந்தச் சொல்லும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறதென்று
வெகுநாள் கழித்து எழுதிப் பார்த்துச் சிரித்தேன்.

வீட்டில் இருந்தவரை
அம்மா என்றால் மூக்குத்தி, அப்பா என்றால் மீசை.
இங்கே கைகள் தொடைக்கு அடியில்.
கை பேசினால் வாய் சோம்பிவிடும் என்றார்கள்.
அஞ்சலாட்சியின் கை மட்டும் அடங்காது;
அதற்கென்று ஒரு துண்டு, பெஞ்சுக்காலோடு முடிச்சு.
கரண்ட் போன இரவுகளில்
அவள் என் முதுகில் பேசுவாள்.

ஐந்தாம் மாதம் சுடர் சாய்ந்தது, அணைந்தே போனது.
'அப்பா' என்று சொன்னேனாம்.
டீச்சர் கைதட்டியதைப் பார்த்தேன்.
எனக்குக் கிடைத்தது புகை வாசம்.

ஐப்பசியில் ஒருநாள்
கம்பிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் அம்மா.
துறைமுகத்திலிருந்து நடந்தே வந்த சேற்றுக் கால்.
டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி
மெதுவாக, என் முகம் பார்த்துச் சொன்னாள்.
உதடு ஒட்டியது. பிரிந்தது. பிறகு 'போ' என்று குவிந்தது.

அம்மா போறேன்.

படித்துவிட்டேன்!
சரி என்றேன், வாயால்.
சிரிக்கவும் செய்தேன்.

அவள் நகரவில்லை.
மறுபடி அதே உதடு.
மறுபடி நான் சரி.
டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
எங்களுக்கு நடுவில் கம்பி இருந்தது, சுடர் இல்லை.
இருந்தாலும் அந்தக் காற்றில் நின்றிருக்காது.

பிறகு கூடையை இறக்கிவைத்தாள்.
மூக்குத்தி இருந்த இடத்தைத் தொடவில்லை.
மேலுதட்டில் இல்லாத மீசையை
ஒரு தரம் முறுக்கினாள்.
அந்தக் கையைக் கிழக்கே நீட்டி
உள்ளங்கையைக் கவிழ்த்தாள்.

எந்தப் படகு என்று கேட்டேன்.
கூட யார் யார் என்று கேட்டேன்.
இரண்டு கையாலும் கேட்டேன்.
யாரும் தட்டிவிடவில்லை.