ஐந்து வாங்கினால்

பல் மருத்துவருக்கும் வரிக்கணக்கு எழுதுபவருக்கும் நடுவே
ஒரு கதவு அகலத்தில் கடை.
பலகையில் பாதி எழுத்து எரியாது.
எரிந்துதான் ஆகவேண்டும் என்றில்லை:
பத்தரை மணிக்கு அடுத்த அடுக்கு ரொட்டி வெளியே வந்தால்
டார்செஸ்டரில் பாதிப்பேருக்கு மூக்கே வழிகாட்டி.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்.
பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு
பிற்பகல் மணி அடிக்கும்வரை
நாற்பத்தெட்டு காலி இருக்கைகளுக்கு நான் ஒருவனே.
பசி மட்டும் நாற்பத்தெட்டு பேருக்கு.

நாலரை டாலர். ரொக்கம்.
கல்லாவுக்குப் பின்னால் துயெட்.
அந்தப் பெயருக்குப் பனி என்று அர்த்தம்.
பிறந்த ஊரில் ஒரு நாளும் பனி விழுந்ததில்லையாம்,
பார்க்காமலே வைத்துவிட்டார்கள்.
இங்கே வந்து வருஷம் நாலு மாசம்
தன் பெயரையே வாசலில் வாரிக் கொட்டுகிறாள்.

நிமிர்ந்து பார்க்கமாட்டாள்.
ரொட்டியின் விலாவை ஒரே கீறல்,
ஈரல் விழுது ஒரு இழுப்பு, வெண்ணெய் ஒரு இழுப்பு,
விளிம்பு கருகிய பன்றி இறைச்சி,
காடியில் ஊறிய காரட்டும் முள்ளங்கியும் ஒரு பிடி,
நீளவாக்கில் வெள்ளரி, காம்போடு கொத்தமல்லி.
"காரம்?"
ஆமாம் என்றால் நாலு துண்டு மிளகாய்.
வேண்டாம் என்றால் ரெண்டு.
காகிதம் சுற்றி, ரப்பர் வளையம். சடக்.

கல்லாவுக்கு மேலே, ஒட்டிய டேப் பழுத்துப்போய்,
ஒரு அறிவிப்பு:
ஐந்து வாங்கினால் ஒன்று இலவசம்.
பதினோரு வருஷமாக அதன் கீழே நின்று
ஒன்று வாங்கிக்கொண்டு போகிறேன்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய். மூச்சு விட்டால் கண்ணாடியாகும் குளிர்.
வரிசையில் எனக்கு முன்னால் ஃபின்டன், கூரை வேய்பவன்,
முழங்காலெல்லாம் தார்.
திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு எத்தனை?" என்றான்.
ஒன்று.
எனக்குப் பின்னால் ஜுல்மிரா,
மருத்துவமனைச் சலவையறையில் இரவெல்லாம் நின்ற கால். ஒன்று.
நீதிமன்ற எழுத்தர் ஒருவர். ஒன்று.
செல்லோ பெட்டியைச் சவப்பெட்டி மாதிரி சுமந்த பையன்.
சில்லறையை எண்ணிவிட்டு, ஒன்று.

ஃபின்டன் தொப்பியைக் கழற்றி நீட்டினான்.
போட்டோம்.
"ஐந்து" என்று கல்லாவில் வைத்தான், கட்சி ஜெயித்தவன் போல.

துயெட் நிமிர்ந்தாள்.
"எல்லாரும் ஒரே வீடா?"
"ஆமாம்" என்றான் ஃபின்டன். "பெரியப்பா பிள்ளைகள்."
ஐந்து நிறம், ஐந்து உயரம்,
ஒவ்வொரு முகமாகப் போய்வந்தாள்.
"சாயல் தெரியுது" என்றாள்.

ஆறாவது கல்லாமேல் தனியாக இருந்தது.
நீங்கள் எடுங்கள். இல்லை, நீங்கள்.
எழுத்தர் ஐந்தாக வெட்டலாம் என்றார்.
கத்தியை இடுப்புக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.
பிறகு வளையத்தைக் கழற்றி
அவளே ஒரு கடி கடித்தாள்.
அவள் சாப்பிட்டு நாங்கள் பார்த்ததே இல்லை.
மென்றாள். யோசித்தாள்.
"முள்ளங்கி இன்னும் ஒரு நாள் ஊறணும்."
மீதியையும் தின்றாள்.

கடையில் உட்கார இடமில்லை.
வெளியே நிற்க முடியாது.
பேருந்துக் கதவைத் திறந்தேன்.
இதைப் பற்றி விதிப்புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கும்,
அந்தப் பக்கம் இன்னும் போகவில்லை.

எட்டு வயதுக்கான இருக்கைகள்.
முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தோம்.
முதல் கடிக்கு மேல்தோல் வெடித்துச் சிதறியது
கோட்டில், மடியில், செல்லோ பெட்டியில்.
அப்புறம் சூடான பஞ்சு, புளிப்பு, ஈரலின் கனம்,
கடைசியில், தாமதமாக வந்து சண்டை பிடிக்கும் மாமன் போல, மிளகாய்.
யாரும் பேசவில்லை.
ஜுல்மிரா கையில் பாதி ரொட்டியோடு
ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.
எழுத்தர் அதை மெல்ல எடுத்துக் காகிதத்தில் மடித்து
அவள் பைக்குள் வைத்தார்.

மூன்று மணிக்கு, மூன்றாம் வரிசைச் சிறுமி
இருக்கையைத் தடவிப் பார்த்தாள்.
"என் இடத்தில் யார் இத்தனை தூள் கொட்டினது?"

சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள் என்றேன்,
கியரில் மாட்டிய ரப்பர் வளையத்தைச்
சுண்டிவிட்டு.