டிராக் ஏழு

அரையாண்டு லீவுக்கென்று
போனில் கிடந்ததையெல்லாம் ஒரே கோணியில் கொட்டினேன்.
ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு பாட்டு.
கலைத்துப் போடும் பொத்தானை அழுத்திவிட்டுத்
திரைச்சீலை துவைக்கப் போனேன்.
அரவேணுவில் மூன்று நாளாக வெயில் இல்லை.
காயாது என்று தெரிந்தே துவைப்பது
லீவில் மட்டும் முடிகிற காரியம்.

மகள் மூன்று வயதில் கேட்டுத் தேய்த்த யானைப் பாட்டு,
ஆண்டு விழாவுக்கு நான் இறக்கிய கரகாட்ட மெட்டு,
கிறிஸ்துமஸ் மணியோசை இரண்டு,
மறுபடி யானை,
அப்புறம்
சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பிடில்.

கச்சேரிப் பிடில் அல்ல.
பாடகருக்கு ஓரடி பின்னால் நடந்து
அவர் விட்டதைப் பொறுக்கிக் கொடுக்கிற மரியாதை இதற்கில்லை.
ஒரே இழுப்பில் இரண்டு தந்தியை உரசி,
குதிகாலால் பலகையைத் தட்டி,
கோழி துரத்துகிற வேகத்தில் யாரோ ஒருவன்.
பதிவு முழுக்க அப்பளம் பொரிகிற இரைச்சல்.
கையில் நுரையோடு நின்றுவிட்டேன்.

கோயம்புத்தூர் ஹாஸ்டல், நூற்றுப் பதினான்காம் அறை.
பிளேவியா தன் அண்ணனின் ஹார்ட் டிஸ்கைக் கொண்டுவந்து
ஒரு முட்டை பரோட்டாவுக்கு இரண்டு ஜிபி என்று விற்றாள்.
பாதிக்குப் பெயரில்லை.
டிராக் ஒன்று, டிராக் ஏழு, இன்னொரு டிராக் ஏழு.
பரீட்சை முடியும்வரை அதுதான் எனக்குச் சோறு.
எப்போது கேட்பதை நிறுத்தினேன்?
சண்டை ஒன்றும் இல்லை.
குடையை பஸ்ஸில் விடுவதுபோல்
ஏதோ ஒரு நிறுத்தத்தில்.

பிடில் ஓய்ந்ததும், பார்த்துக் கோத்ததுபோல்,
அந்தக் கிழவனின் ப்ளூஸ்.
ரயில் போயிற்று, கழுதை செத்தது, அவளும் இல்லை.
ரேஷன் கடையில் இருப்பு வாசிக்கிற குரல்.
ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சொல்கிறான்,
முதல் முறை யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தவன்.
பதினைந்து வருடம் நீலகிரியில் குடியிருந்தும்
ப்ளூஸ் என்றால் நீலம் என்று
இன்றைக்குத்தான் உறைத்தது.
தனியாகச் சிரித்தேன்.

தனியாக இல்லை. போஜராஜ் வாசற்படியில்,
கையில் மண் போகாத முள்ளங்கி.
ஃபேக்டரியில் பச்சை இலை எடை போடுகிறவர்.
பாட்டைப் பற்றி அவர் இதுவரை சொன்னது
'சத்தத்தைக் குறை' என்பது மட்டும்.
"முந்தி ஒண்ணு ஓடிச்சே, அதைப் போடு" என்றார்.

தேடினோம். பத்தொன்பது டிராக் ஏழு.
நான்கைத் திறப்பதற்குள் என் கையை அமர்த்தினார்:
"விடு. தானா வரட்டும்."

மிச்ச லீவு முழுக்க அதற்கே போனது.
வெங்காயம் நறுக்கும்போதும் பல் தேய்க்கும்போதும்
யாரோ வந்து கேக் வைத்துவிட்டுப் போனபோதும்
ஒரு காது அடுப்பங்கரைப் பக்கம்.
ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் வருமே
அந்த இரண்டு நொடி,
அதில் இருவரும் பேச்சை நிறுத்தினோம்.
வந்ததெல்லாம் யானை.

கடைசி ராத்திரி
எட்டாம் வகுப்பு விடைத்தாள் கட்டைப் பிரித்திருந்தேன்.
கேரட் பாத்தியில் காட்டெருமை இறங்கிவிட்டதென்று
அவர் டார்ச்சோடு போயிருந்தார்.
இலை உணவு தயாரிக்க நிலா வேண்டும் என்று
ஒருவன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான்.
சிவப்புப் பேனாவைத் திறக்கிறேன்,
குதிகால் சத்தம்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்து
ஸ்பீக்கரை வாசற்கல்லில் வைத்து முழுதாகத் திருகினேன்.
மூடுபனிக்குள் மூன்று பெரிய கறுப்பு,
வெள்ளைக் காலுறை போட்டவை,
வாயில் கேரட் தழை தொங்கத் தலையைத் தூக்கின.
விரட்டப் போனவர் விரட்டவில்லை.
டார்ச்சை அணைத்தார்.
இருட்டில் அவருடைய ரப்பர் செருப்பு
பலகை இல்லாத ஈர மண்ணில்
தப்புத் தப்பாகத் தாளம் போட்டது.

இரண்டு நிமிடம் பதினோரு நொடி.

காலையில் பார்த்தோம், இரண்டு பாத்தி காலி.
நிலாவுக்கு நான்
அரை மார்க் போட்டிருந்தேன்.