வாங்க வேண்டியவை

மார்ச் முப்பத்தொன்றோடு மூடுகிறார்களாம்.
'இந்தப் பயணத்தில் எங்களோடு வந்ததற்கு நன்றி'
என்று ஒரு மெயில்.
பயணமெல்லாம் ஒன்றுமில்லை.
கோட்டையூரிலிருந்து கல்லுக்கட்டி வரை
ஒரு ஸ்கூட்டி, இரண்டு கட்டைப்பை,
போனில் ஒரு பட்டியல்.

அவர் எழுதினால் நான் வாங்குவேன்,
நான் எழுதினால் அவர்.
லேபில் யாருக்கோ ரத்தம் எடுத்துவிட்டு
பஞ்சை அழுத்திப் பிடிங்க என்று சொல்லும்போது
மேஜைமேல் அது ஒருமுறை அதிரும்:
துவரம்பருப்பு ஒரு கிலோ.
கல்யாணமாகி
சோலைமலை எனக்கு எழுதியதெல்லாம்
அதில்தான் இருக்கிறது.

சின்ன வெங்காயம், போன தடவை மாதிரி இல்லாமல்.
எலிப்பொறி, பெரிசு.
எலிப்பொறி, இன்னும் பெரிசு.

இருபத்தொன்றில் பதினொரு நாள் பேசிக்கொள்ளவில்லை.
அவர் தங்கச்சி வளைகாப்பில் நடந்தது, விடுங்கள்.
பட்டியல் மட்டும் பேசியது.
உப்பு, என்று நான்.
கல்லுப்பா தூளுப்பா, என்று அதற்குக் கீழே அவர்.
எப்பவும் வாங்குறதுதான், என்று நான்.
பன்னிரண்டாம் நாள் காலையில்
நான் எழுதாத ஒரு வரி:
மல்லிகை, நாலு முழம்.
சாயங்காலம் அதற்கு டிக் அடித்ததும் அவரேதான்.

இறக்கி வைத்துக்கொள்ள முப்பது நாள் கொடுத்தார்கள்.
இருபத்தொன்பதாம் நாள் இறக்கினேன்.
ஒரே கோப்பு.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாலு வரி.
டிக் ஒன்றுகூட வரவில்லை.

ஆறு வருஷமாய்த் தின்றது,
தேய்த்துக் குளித்தது, கொளுத்தியது
அத்தனையும் எழுந்து வந்து
வாங்கப்படாமல் வரிசையில் நிற்கிறது.
எப்போதோ விட்ட காய்ச்சலுக்கு மாத்திரை.
இழுத்து மூடிய கடையின் காராச்சேவு.
கர்ப்பம் பார்க்கும் கிட், மூன்று இடத்தில்.
(வேலை பார்ப்பது லேபில்தான்.
அங்கே பார்த்தால் செக்காலை முழுக்கத் தெரியும்.)
மூன்றாவது கிட்டுக்கு அடுத்த வரி
பினாயில்.

காலேஜ் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு வந்து
அவர் புதிதாக ஒன்றை ஏற்றிக் கொடுத்தார்.
கண்ணடிக்கிற ஒரு கூடை வந்து
'ஹாய் பூரணி!' என்கிறது.
சுண்டைவற்றல் என்று அடித்தால்
சுண்டல் என்று திருத்துகிறது.
மாதம் நூற்று நாற்பத்தொன்பது கட்டினால்
இன்னும் என்னென்னவோ செய்யுமாம்.
'உங்களைப் போன்றவர்கள் பாஸ்தாவும் வாங்கினார்கள்.'
எங்களைப் போன்றவர்களா? யார் அது?
இந்தத் தெருவிலா இருக்கிறார்கள்?
மூன்று நாள் சகித்துக்கொண்டேன்.
நாலாம் நாள் கூடையை அழித்தேன்,
கடைசி வரை கண்ணடித்துக்கொண்டே போனது.

அந்தப் பழைய கோப்பில்
முதல் வரி மட்டும் பொய் சொல்லவில்லை.
ஏணி.
குடிவந்த அன்று எழுதியது.
பெரிய வீட்டுப் பின்கட்டில்
எங்களுக்கு வாடகைக்கு இரண்டு அறை,
கூரை பதினாறு அடி உயரத்தில்.
கட்டியவர்கள் காற்றை நினைத்தார்கள்,
பல்பு மாற்றப் போகிறவளை நினைக்கவில்லை.
ஒவ்வொரு தடவையும் பந்தல்காரர் வீட்டில்
இரவல் வாங்கி ஏறுவோம்.
இறங்கியதும் மறந்துவிடுவோம்.
அதற்கு மட்டும் டிக்கே விழுந்ததில்லை.

முப்பத்தொன்று ராத்திரி பன்னிரண்டு தாண்டியும்
ஆப் திறந்துதான் இருந்தது.
கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கணக்குப் பார்க்கிற மாதிரி.
பன்னிரண்டு இருபதுக்குத் தொட்டேன்,
வெள்ளையாய் நின்றது.

இன்றைக்கு உள் அறை பல்பு
டப்பென்று போனது.
இரண்டு பேரும் படுத்தபடியே
மேலே இருக்கிற இருட்டைப் பார்த்தோம்.

"ஏணி ஒண்ணு வாங்கணுங்க."
"எழுதி வையி."
"எதுல?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
அப்புறம் கட்டில் லேசாகக் குலுங்கியது.